பழுதான பூட்டை மாற்றாத பெரிய வீடு!

அமெரிக்காவில் அட்லாண்டா என்று ஒரு நகரம் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரம். அங்கே ‘ஈக்விபாக்ஸ்’ என்று ஒரு கம்பெனி இருக்கிறது.

இந்தக் கம்பெனி சோப்பு செய்யவில்லை. துணி நெய்யவில்லை. இது விற்பதெல்லாம் கணக்கு! யார் எவ்வளவு கடன் வாங்கினார், தவணையை ஒழுங்காகக் கட்டினாரா, இழுத்தடித்தாரா என்ற கணக்கு.

1899-ம் ஆண்டில் இந்தக் கம்பெனி பிறந்தது. உல்போர்டு என்ற குடும்பத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் அதற்கு முன் மளிகை வியாபாரம் பார்த்தவர். எந்த வாடிக்கைக்காரருக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வரும், யாருக்குக் கொடுத்தால் வராது என்று பட்டியல் எழுதினார். மற்ற கடைக்காரர்களுக்கும் அந்தப் பட்டியல் தேவைப்பட்டது. பட்டியல் எழுதுவதே தொழில் ஆகிவிட்டது.

இன்று அந்த நோட்டுப் புத்தகம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அமெரிக்காவில் வீடு வாங்கக் கடன் கேட்டால், கார் வாங்கத் தவணை கேட்டால், முதலில் இந்த மாதிரிக் கம்பெனியின் கணக்கைத்தான் புரட்டுவார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மக்கள் யாரும் ஈக்விபாக்ஸ் வாசலுக்குப் போய், “என் கணக்கை எழுதி வையுங்கள்” என்று கேட்கவில்லை. வங்கிகள் கொடுத்தன. இவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அந்தப் பெரிய வீட்டில் 2017-ம் ஆண்டு திருட்டு நடந்தது. 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. பெயர், பிறந்த தேதி, முகவரி, அரசாங்கம் கொடுத்த எண், எல்லாம் போயின. அமெரிக்க மக்கள் தொகையில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு!

திருடர்கள் சுவரில் கன்னம் வைத்தார்களா? காவலாளியைக் கட்டிப் போட்டார்களா? ஒன்றும் இல்லை. பழுது என்று உலகத்துக்கே தெரிந்த ஒரு பூட்டின் வழியாக நடந்து உள்ளே போனார்கள். அதற்கு மாற்றுப் பூட்டு இரண்டு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது. விலை? ஒரு காசுகூட இல்லை. இனாம்!

இந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். யார் குற்றவாளி என்பதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

இரவல் சரக்கு

கம்ப்யூட்டர் என்பது சொன்னதைச் செய்யும் யந்திரம். அது செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைப்பதற்குப் பெயர் புரோகிராம். செல்போனில் பணம் அனுப்புகிறீர்கள். ரெயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு புரோகிராம் இருக்கிறது.

ஒரு கம்பெனி புரோகிராம் எழுதுகிறது என்றால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதுவே எழுதுகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் வீட்டுச் சாம்பாரை வைத்தது யார்? அம்மா. ஆனால் துவரம் பருப்பை அம்மா விளைவிக்கவில்லை. பெருங்காயத்தை அம்மா செய்யவில்லை. கடையில் வாங்கினார். அந்தப் பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். உள்ளே மாவு கலந்திருக்கும். பிசின் கலந்திருக்கும். அந்த மாவைப் பெருங்காயக் கம்பெனி வேறு ஒருவரிடம் வாங்கியிருக்கும். அந்த மாவுக்காரர் யார் என்று அம்மாவுக்குத் தெரியாது. சாப்பிடுகிற நமக்கும் தெரியாது.

புரோகிராமும் அப்படித்தான். தேதியைச் சரியாகக் காட்ட ஒரு துண்டு, படத்தைச் சுருக்க ஒரு துண்டு, ரகசியத்தைப் பூட்டி வைக்க ஒரு துண்டு. இவையெல்லாம் யாரோ எழுதியவை. பெரும்பாலும் உலகத்துக்கு இனாமாகக் கொடுத்தவை. கம்பெனிக்காரர்கள் அவற்றை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்த்த துண்டுக்குள் வேறு நாலு துண்டு இருக்கும். அந்த நாலுக்குள் நாற்பது இருக்கும். கடைசியில் எண்ணிப் பார்த்தால் சொந்தமாக எழுதியது கொஞ்சம்; இரவல் வாங்கியது மலை!

இது தவறா? இல்லவே இல்லை. ஒவ்வொருவனும் தன் செருப்பைத் தானே தைத்துக்கொள்ள வேண்டும் என்றால், ஊரில் பாதிப் பேர் வெறுங்காலோடு நடக்க வேண்டியதுதான். கைதேர்ந்தவர் தைத்ததை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். இரவல் வாங்கலாம். வாங்கியதை மறந்துவிடுகிறார்களே, அங்கேதான் சங்கடம்.

2016-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு வேடிக்கை நடந்தது. ‘லெப்ட் பேட்’ என்று ஒரு துண்டு. மொத்தமே 11 வரி. எழுத்துக்களின் இடது பக்கத்தில் தேவையான அளவு வெற்றிடம் சேர்ப்பதுதான் அதன் வேலை. அதை எழுதியவருக்கும், துண்டுகளைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் கிடங்குக்காரர்களுக்கும் ஒரு பெயர் விஷயமாகத் தகராறு. கோபத்தில் அவர் தன் சரக்கையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்! உலகம் முழுவதும் எத்தனையோ புரோகிராம் வேலைகள் நடுவில் நின்றன. தங்கள் வீட்டில் அப்படி ஒரு துண்டு இருக்கிறது என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சில மணி நேரத்தில் கிடங்குக்காரர்கள் அதைத் திரும்ப வைத்துவிட்டார்கள்.

அது வேடிக்கை. ஈக்விபாக்ஸ் விஷயம் வேடிக்கை அல்ல.

400 பேருக்குக் கடிதம்

தங்கள் கணக்கில் தவறு இருந்தால் மக்கள் முறையிடுவதற்காக அந்தக் கம்பெனி ஒரு இணையதளம் வைத்திருந்தது. அந்த ஏற்பாடு 1970-களில் உண்டானது. பழைய வீடு. அவ்வப்போது முகப்பை மட்டும் மாற்றிக் கட்டியிருந்தார்கள். முகப்பில் ‘ஸ்ட்ரட்ஸ்’ என்ற இரவல் துண்டு இருந்தது. ‘அப்பாச்சி’ என்ற சங்கத்தின் தொண்டர்கள் எழுதியது. பெரிய பெரிய கம்பெனிகளும் அரசாங்க இலாகாக்களும் அதைப் பயன்படுத்தி வந்தன.

அதில் ஒரு ஓட்டை. எப்படிப்பட்ட ஓட்டை தெரியுமா?

இணையதளத்துக்கு ஒரு காகிதம் அனுப்பினால், ‘இது எந்த வகைக் காகிதம்? படமா, எழுத்தா?’ என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. அந்தக் கட்டத்தில் தாறுமாறாக எதையாவது எழுதினால், ஸ்ட்ரட்ஸ் ‘தவறு’ என்று பதில் சொல்லும். பதிலைத் தயாரிக்கும்போது, எழுதியிருப்பதை ஒரு முறை படித்துப் பார்க்கும். எழுதியிருப்பது ஒரு கட்டளையாக இருந்தால்? படிப்பதோடு நிற்காது. நிறைவேற்றியும்விடும்!

வாசல் காவலாளியிடம் ஒருவன் சீட்டு நீட்டுகிறான். ‘இந்தச் சீட்டு செல்லாது’ என்று சொல்வதற்காகத்தான் காவலாளி அதைப் படிக்கிறார். சீட்டில் ‘கதவைத் திற’ என்று எழுதியிருக்கிறது. படித்தவர், கதவைத் திறந்தும் விடுகிறார். இவ்வளவுதான் சூட்சுமம்.

2017 மார்ச் 7-ந் தேதி அப்பாச்சி சங்கம் இந்த ஓட்டையை அறிவித்தது. ஓட்டையை அடைத்த புதிய துண்டையும் வெளியிட்டது. மறுநாள் அமெரிக்க அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவு ஈக்விபாக்சுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அதற்கு மறுநாள், மார்ச் 9-ந் தேதி, கம்பெனிக்குள் 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு மின்னஞ்சல் போனது. ‘48 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள்’ என்று உத்தரவு.

இதுவரை குறை சொல்ல இடம் இல்லை. எச்சரித்தவர் எச்சரித்தார். உத்தரவு போட்டவர் போட்டார்.

ஆனால் 400 பேருக்குப் போன கடிதம், பூட்டை மாற்ற வேண்டியவர் கைக்குப் போகவில்லை! கடிதம் அனுப்பும் பட்டியல் பழசு. அதில் இருக்க வேண்டியவர்கள் பெயர் இல்லை. கல்யாணப் பத்திரிகை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தாய்மாமனுக்குக் கொடுக்காமல் விட்டது போல!

மார்ச் 15-ந் தேதி, ‘ஸ்ட்ரட்ஸ் எங்கே இருக்கிறது?’ என்று தேடும் கருவியை ஓட்டினார்கள். கருவி முன்னறையைப் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் உள்ளறையில் இருந்தது. ‘எங்கும் இல்லை’ என்று கருவி சொன்னது. எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

மே 13-ந் தேதி திருடர்கள் உள்ளே வந்தார்கள்.

76 நாள்

உள்ளே வந்தவர்கள் கையில் ஒரு தாள் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மற்ற அறைகளைத் திறக்கும் ரகசியச் சொற்கள் பச்சையாக எழுதப்பட்டிருந்தன. மறைப்பு இல்லை, பூட்டு இல்லை. அதை வைத்துக்கொண்டு 40-க்கும் மேற்பட்ட கணக்கு அறைகளுக்குள் போனார்கள். ஏறக்குறைய 9,000 தடவை கேள்வி கேட்டுக் கேட்டு விவரங்களை அள்ளினார்கள். மொத்தம் 76 நாள்!

76 நாளும் யாரும் பார்க்கவில்லையா?

பார்ப்பதற்கு ஒரு கருவி இருந்தது. வெளியே போகும் போக்குவரத்தைச் சோதிக்கும் கருவி. அது வேலை செய்ய ஒரு சர்டிபிகேட் வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு. அந்த சர்டிபிகேட் பல மாதங்களுக்கு முன்பே காலாவதி ஆகிவிட்டது. யாரும் புதுப்பிக்கவில்லை. கருவி கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஜூலை 29-ந் தேதி ஒரு வழியாகப் புதுப்பித்தார்கள். புதுப்பித்த உடனே சந்தேகமான போக்குவரத்து தெரிந்தது! மறுநாள் அந்த இணையதளத்தை மூடினார்கள். பொதுமக்களுக்குச் சொன்னது செப்டம்பர் 7-ந் தேதி.

பணம் திருடு போனால் மறுபடி சம்பாதிக்கலாம். பிறந்த தேதி திருடு போனால் என்ன செய்வது? வேறு தேதியில் போய்ப் பிறக்க முடியுமா? அமெரிக்காவில் ‘சமூகப் பாதுகாப்பு எண்’ என்று 9 இலக்க எண் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் குழந்தையிலேயே கொடுத்துவிடுவார்கள். சாகும்வரை அதே எண்தான். மாற்றிக் கொடுப்பது மிக அபூர்வம். அந்த எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால், உங்கள் பெயரில் இன்னொருவன் கடன் வாங்கலாம். அவன் செலவழிப்பான். நோட்டீஸ் உங்களுக்கு வரும். ‘நான் வாங்கவில்லை’ என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டும்.

சீன ராணுவத்தைச் சேர்ந்த 4 பேர்தான் இதைச் செய்தார்கள் என்று 2020 பிப்ரவரியில் அமெரிக்கா குற்றம் சாட்டியது. சீனா மறுத்தது.

ஒரு ஆள்மேல் பழி

கம்பெனியின் தலைவர் ரிச்சர்டு ஸ்மித் 2017 செப்டம்பர் 26-ந் தேதி பதவியை விட்டார். அக்டோபரில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். என்ன சொன்னார்? பூட்டை மாற்றும்படி தெரிவிக்க வேண்டிய ஒரு ஆள் தெரிவிக்கவில்லை; தேடும் கருவியும் கண்டுபிடிக்கவில்லை. இதுதான் அவர் சொன்ன காரணம்.

ஒரு ஆள்!

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தீரவில்லை. 14 கோடியே 70 லட்சம் பேரின் ஜாதகம் ஒரே ஒரு ஆளின் ஞாபகத்தில் தொங்கியது என்றால், குற்றம் அந்த ஆளுடையதா? அப்படித் தொங்கவிட்ட முதலாளிமாருடையதா? மனிதன் என்றால் மறப்பான். காய்ச்சல் வந்து படுப்பான். வேலையை விட்டுப் போவான். ஒருவன் மறந்தாலும் விபரீதம் நடக்காதபடி ஏற்பாடு செய்வதற்குத்தான் நிர்வாகம் என்று பெயர்.

அந்த வீட்டில் இல்லாமல் போனது ஒரு பட்டியல். எந்த இரவல் துண்டு எந்த அறையில் இருக்கிறது, எப்போது வாங்கியது, யார் பொறுப்பு என்ற முழுப் பட்டியல். அது அவர்களிடம் இல்லை. மளிகைக்காரரின் பட்டியலில் பிறந்த கம்பெனி, ஐயா! ஊரார் கடனை எல்லாம் ஒரு வரி விடாமல் எழுதி வைத்தது. தன் வீட்டு இரவலை எழுதி வைக்கவில்லை.

திருட்டை முழுக்க முழுக்கத் தடுத்திருக்க முடியும் என்று 2018 டிசம்பரில் பாராளுமன்றக் குழுவின் அறிக்கை சொன்னது.

2019 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. கம்பெனி 70 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. கேட்பதற்குப் பெரிய தொகை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ‘ஆளுக்கு 125 டாலர் வரை ரொக்கம்’ என்றார்கள். ஆனால் அந்த ரொக்கத்துக்கென்று ஒதுக்கியது 3 கோடியே 10 லட்சம் டாலர்! 125 டாலர் வீதம் கொடுத்தால் 2 லட்சத்து 48 ஆயிரம் பேரோடு தீர்ந்துவிடும். கேட்க உரிமை உள்ளவர்களோ 14 கோடியே 70 லட்சம். விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. கடைசியில் பலர் கைக்கு வந்தது சில டாலர்தான்.

“ஓடுகிற வண்டியைத் தொடாதே!”

புரோகிராம் எழுதும் தம்பிகளிடம் பேசிப் பார்த்தால் வேறு ஒரு நியாயம் சொல்வார்கள். அதையும் கேட்க வேண்டும்.

“ஒரு துண்டை மாற்றினால் பத்து இடத்தில் ஒட்டாமல் போகிறது. அதைச் சரி செய்ய ஒரு வாரம் ஆகும். அதற்குள் மேலதிகாரி, ‘புதிதாக என்ன செய்தாய்?’ என்று கேட்கிறார். பழைய துண்டை மாற்றினேன் என்றால் முகத்தைச் சுளிக்கிறார். ஓடுகிற வண்டியில் ஏன் கை வைக்க வேண்டும்?”

இதில் உண்மை இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளை அடித்தால் வந்தவர் எல்லாம் பாராட்டுவார்கள். சாக்கடையைத் தூர் வாரினால் யார் பாராட்டுவார்கள்? வாராமல் விட்டால்தான் தெரியும். ஆனால் தள்ளிப் போடப் போட வேலை பெருகுகிறது. வாரம் ஒரு தடவை ஒட்டடை அடித்தால் அரை மணி நேரம். போகிக்குப் போகி அடித்தால் இரண்டு நாள் முதுகு வலி. மூன்று வருஷம் மாற்றாத துண்டை ஒரே நாளில் மாற்றப் பார்த்தால் புரோகிராமே உட்கார்ந்துவிடும். அப்புறம் யாருக்கும் தொடத் துணிவு வராது. ஈக்விபாக்சின் பழைய வீடு அந்த நிலையில்தான் இருந்தது.

தம்பிகளைத் திட்டிப் பயன் இல்லை. ‘தூர் வாரவும் நேரம் கொடு’ என்று மேலதிகாரியைத்தான் கேட்க வேண்டும்.

பெருங்காயத்துக்குள் இருந்த மாவு

2021 டிசம்பரில் இன்னொரு பூதம் கிளம்பியது. ‘லாக் போர் ஜே’ என்று ஒரு துண்டு. இதுவும் அப்பாச்சி சங்கத்துத் தொண்டர்கள் எழுதியது. புரோகிராம் அன்றாடம் செய்வதை டைரி போல எழுதி வைப்பது அதன் வேலை. ‘இன்ன நேரத்தில் இன்னார் வந்தார், இன்னது கேட்டார்’ என்று எழுதும்.

அதற்கு ஒரு விபரீதமான பழக்கம் இருந்தது. எழுதச் சொன்ன வரியில் ஒரு குறிப்பிட்ட விதமான அடையாளத்தோடு வெளி முகவரி இருந்தால், அந்த முகவரிக்கே போய், அங்கே இருப்பதைக் கொண்டுவந்து இயக்கிவிடும்! 2013-ம் ஆண்டு சேர்த்த வசதி அது. 8 ஆண்டு யார் கண்ணிலும் உறுத்தவில்லை. சீனாவில் அலிபாபா கம்பெனியின் பாதுகாப்புக் குழுவினர் கண்டுபிடித்து, நவம்பர் 24-ந் தேதி சங்கத்துக்குச் சொன்னார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் உலகத்துக்குத் தெரிந்தது. ‘மைன்கிராப்ட்’ என்று குழந்தைகள் ஆடும் விளையாட்டு உண்டு. அதன் அரட்டைப் பெட்டியில் ஒரே ஒரு வரி எழுதி, விளையாட்டை நடத்தும் கம்ப்யூட்டரைக் கைப்பற்ற முடிந்தது! ஆபத்தின் அளவு 10-க்கு 10 என்று மதிப்பெண் போட்டார்கள். நம் நாட்டு அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பும் எச்சரிக்கை வெளியிட்டது.

“உங்களிடம் லாக் போர் ஜே இருக்கிறதா?” என்று கம்பெனிகளைக் கேட்டார்கள். பலருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அதை அவர்கள் வாங்கவே இல்லை. அவர்கள் வாங்கிய துண்டுக்குள் ஒளிந்து வந்தது. பெருங்காயத்துக்குள் வந்த மாவு!

அடைப்பு வேலை செய்தவர்கள் யார்? ஒரு சில தொண்டர்கள். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஒரு அடைப்பு போட்டார்கள். அதில் குறை தெரிந்தது. அடுத்தது போட்டார்கள்; அதிலும் குறை. ஒரே மாதத்தில் திரும்பத் திரும்ப அடைத்தார்கள். கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள் “சீக்கிரம், சீக்கிரம்” என்று அவசரப்படுத்தின. இதற்கு முன் நன்றி என்று ஒரு கடிதம் எழுதியிருப்பார்களா?

2014-ம் ஆண்டிலும் இதே கதைதான். இணையத்தில் ரகசியம் காக்கும் ‘ஓபன் எஸ்.எஸ்.எல்.’ என்ற துண்டில் ஓட்டை தெரிந்தது. உலகத்தின் பணப் போக்குவரத்தில் பெரும்பகுதி அந்தத் துண்டை நம்பி நடந்தது. அதற்கு ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். ஒரு சின்னக் கடையின் வாடகைகூட இல்லை. ஓட்டை தெரிந்த பிறகு பெரிய கம்பெனிகள் கூடிப் பணம் கொடுத்தன. வீட்டில் நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்டினார்கள்.

அரை விநாடி

“அப்படியானால் புதிய துண்டு வந்த அன்றைக்கே மாற்றிவிட வேண்டியதுதானே?” என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2024-ம் ஆண்டு என் நினைப்பை மாற்றியது.

‘எக்ஸ் இசட்’ என்று ஒரு துண்டு. பெரிய கோப்புகளைச் சுருக்கி மடிப்பது அதன் வேலை. பல ஆண்டுகளாக ஒரே மனிதர் தம் சொந்த நேரத்தில் அதைப் பராமரித்து வந்தார். உடலும் மனமும் களைத்திருந்தார். “ஏன் தாமதம்? வேறு ஆளிடம் கொடுங்கள்” என்று முகம் தெரியாத சிலர் நெருக்கினார்கள். உதவி செய்ய ஒருவர் வந்தார். பொறுமையாக, பணிவாக, இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்தார். நம்பிக்கை வந்தது. சாவியும் அவர் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த புதிய துண்டில் ஒரு திருட்டுக் கதவை வைத்துவிட்டார்!

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற என்ஜினீயர். வேறு ஒரு வேலையைச் சோதித்துக்கொண்டிருந்தார். தம் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று பார்த்தார். அரை விநாடி! நாமாக இருந்தால் காபி குடிக்கப் போயிருப்போம். அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனார். மார்ச் 29-ந் தேதி உலகத்துக்குச் சொன்னார். நல்ல வேளையாக அந்தத் துண்டு பெரும்பாலும் பரிசோதனைப் பதிப்புகளுக்குள்தான் போயிருந்தது.

இந்தத் தடவை ஆபத்தில் இருந்தவர்கள் யார்? புதியதை உடனே சேர்த்துக்கொண்டவர்கள். பழைய துண்டை வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். விசித்திரம்தான். ஆனால் இதைக் காட்டி, “பார்த்தீர்களா, நாங்கள் மாற்றாமல் விட்டதே நல்லது” என்று யாரும் சோம்பேறித்தனத்துக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். எக்ஸ் இசட் போல நடந்தது அபூர்வம். ஈக்விபாக்ஸ் போல நடப்பது அன்றாடம். வந்த துண்டைச் சோதித்து வாங்கவும் ஆள் வேண்டும். வாங்கிய துண்டைக் காலத்தில் மாற்றவும் ஆள் வேண்டும். இரண்டுக்கும் சம்பளம் வேண்டும். அந்தக் களைத்த மனிதருக்கு இரண்டு உதவியாளர் வைக்க ஒரு கம்பெனி பணம் கொடுத்திருந்தால், முகம் தெரியாதவனிடம் சாவி போயிருக்குமா?

என் அபிப்பிராயம் இதுதான். இனாம் துண்டை வைத்து லாபம் பார்க்கிறவர்கள் அதைக் காப்பவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அது தர்மம் அல்ல, வாடகை. அடுத்தது, பட்டியல். மருந்துப் புட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாமல் விற்க முடியாது. புரோகிராமுக்கு மட்டும் ஏன் விலக்கு? 2021 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதியின் உத்தரவு இந்தப் பட்டியல் முறையைத் தொடங்கி வைத்தது. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு, பட்டியல் எப்படி எழுதுவது என்று வழிமுறை வெளியிட்டது. மக்களின் விவரங்களைத் தக்கபடி பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க 2023-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பது நல்லது. ஆனால் அபராதம் கஜானாவுக்குப் போகும். பிறந்த தேதியைப் பறிகொடுத்தவர் வீட்டுக்கு என்ன வரும்? இதை யாராவது கேட்க வேண்டும்.

லாக் போர் ஜே ஓட்டையை ஆராய்ந்த அமெரிக்க அரசாங்கக் குழு 2022 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. மாற்றப்படாத பழைய துண்டுகள் 10 ஆண்டோ, அதற்கு மேலோ உலகத்தில் கிடக்கும் என்றது. மாற்றுத் துண்டு இனாமாகக் கிடைக்கும்போதே இப்படி!

இவ்வளவு எழுதுகிறவன் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். என் செல்போனில் ‘புதுப்பிக்கவா? பிறகா?’ என்று ஒரு கேள்வி அடிக்கடி வரும். நான் ‘பிறகு’ என்பதையே அழுத்துவேன். அந்தப் புதுப்பித்தலில் பாதி, இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் துண்டுகள்தான். தெரிந்தும் அழுத்துவேன். சென்ற வாரம் பேத்தி போனை வாங்கிப் பார்த்தாள்.

“தாத்தா, எத்தனை நாளாய் இது வந்துகொண்டிருக்கிறது?”

“மூன்று வாரம் இருக்கும்.”

“பேப்பரில் மட்டும் ஊருக்கெல்லாம் எழுதுகிறீர்களே!”

அன்று இரவே சார்ஜரில் மாட்டி, ‘சரி’ என்று அழுத்திவிட்டுப் படுத்தேன். காலையில் போன் நன்றாகத்தான் இருந்தது. கடிகாரத்தின் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். பழைய எழுத்துதான் அழகாக இருந்தது.